முன்னால் ஒரு ‘பப்ளிக்’

அக்கா இரண்டு எழுத்துதான் தட்டியிருந்தார். மீதியைத் தானே ஊகித்து, நிரல் எழுதும் எடிட்டர் திரையில் விரித்த பட்டியலில், முதல் வரியிலேயே என் குட்டு உடைந்து நின்றது. ‘ஆமையக்காவுக்குக் காத்திரு.’ ஆங்கில எழுத்தில் இருந்தால் என்ன, தமிழ் தமிழ்தானே. பக்கத்து நாற்காலியில் இருந்த நான், காப்பிக் கோப்பையை வாயருகே வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, எழுதிய புண்ணியவான் நான்தான். நானும் அக்காவும் ஒரே ஆபீசில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். அக்கா எழுதும் பகுதி நோயாளியின் விவரத்தை அனுப்பும்வரை என் பகுதி காத்திருக்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன் அது. ஒரு விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். அது தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, சீ.

யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். நாங்கள் நிரல் எழுதும் மொழியில், ஒரு கோப்புக்குள் வைத்தது அந்தக் கோப்போடு சரி. வெளியே தெரிய வேண்டுமானால் அதன் முன்னால் ‘பப்ளிக்’ என்று போட வேண்டும். கோப்பு இருக்கும் ஃபோல்டரும் தன் பங்குக்குக் கதவைத் திறக்க வேண்டும். போன வாரம், மதியத்துக்குள் முடித்தாக வேண்டிய ஒரு வேலையில், ‘இது பிரைவேட், தொட முடியாது’ என்று வரிசையாகப் பிழை வந்தது. எது எதற்குத் தேவை என்று பார்க்கப் பொறுமை இல்லை. கண்ணில் பட்டதற்கெல்லாம் பப்ளிக் போட்டேன். ஃபோல்டரையும் அகலத் திறந்துவிட்டேன். பிழைகள் போயின, நானும் சாப்பிடப் போனேன்.

அக்கா பட்டியலைப் பார்த்தார். கீழே இறங்காமல் அந்த வரியையே தேர்ந்தெடுத்தார். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். காது மடலில் சூடு இறங்கவே இல்லை.

திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் அந்த பப்ளிக்கை அழித்து, மாற்றத்தை எல்லோருக்கும் ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“தம்பி, நீ ஏதாச்சும் மாத்தினியா?”

“இல்லக்கா... ஆமாக்கா. அது வெளிய தெரிய வேண்டியதில்ல, அதான்...”

“நான் அதைத்தான் கூப்பிட்டிருக்கேன். நாலு எடத்துல. இப்ப எதுவும் ஓடல.”

“வேற பேர்ல எழுதித் தந்துடறேன்க்கா.”

“பேரை எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே வேலை செய்யுது. நான் எவ்வளவு லேட்டா வந்தாலும் முணுமுணுக்காம காத்திருக்கு.” அக்கா சிரிப்பதுபோல்தான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. “மூணு மணிக்கு ரிவ்யூ. தொறந்து வை.”

“மேனேஜரும் வருவாரு. எல்லாரும் இந்தப் பேரைப் பாப்பாங்கக்கா.”

“நான் மட்டும் பாத்தா பரவால்லையா?”

மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமலே என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணி இரண்டு ஐம்பது. என் திரையில், அந்தப் பெயருக்கு முன்னால் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் திரையில் நாலு இடத்தில், ஆமையக்காவுக்கு அடியில் பிழை என்று சிவப்புக் கோடு. மடங்காத இரண்டு விரல்களும் மேசைமேல் நீட்டிக் கிடக்க, அக்கா காத்திருந்தார்.