டியூஷனுக்கு யார் கூட்டிப்போவது

“குழந்தை கையை விடு,” என்றாள் மாமியார்.

பியூட்டி பார்லர்க்காரி விடவில்லை. மறுகை அவள் புருஷன் பிடியில். நடுவில் சிறுமி, டியூஷன் பையோடு.

“அவன் பைக்ல கொண்டு போய் விடுவான். உன்கூட அனுப்பி வழியில ஏதாவது ஆச்சுன்னா?”

“உங்க புள்ளை வாயை மோந்து பாருங்க அத்தை.”

“ஆம்பளை, அலுப்புக்கு ரெண்டு கிளாஸ் போடுவான். அதையும் இதையும் ஒண்ணாக்காதே.”

புருஷன் பைக் சாவியைச் சட்டைப்பையில் தேடினான். அது அவன் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இவள் இப்போது போய்வந்த அதே குடி மறுவாழ்வு மையத்துக்குப் போன வருஷம் இவனும் போய்வந்தவன்தான். சொந்தபந்தம் வேன் வைத்து அழைத்துவந்தது. கட்டிப்பிடித்து அழாதவர் பாக்கியில்லை. அடுத்த மாதமே பாட்டிலும் வந்தது. அதை மட்டும் எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பார்க்காமல் இருந்தார்கள். இவள் போனபோதோ, தெருவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று அறிவிப்பு. தெருவும் நம்பியதுபோல நடித்தது. அந்த நாகரிகமெல்லாம் தெருவுக்கு உண்டு. முந்தாநாள் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து குழந்தை மாமியார் அறையில், உள்தாழ்ப்பாளுக்குப் பின்னால்.

“அம்மா, அப்பா மேல நாத்தம் அடிக்குது,” என்றாள் சிறுமி.

பார்லர்க்காரி அவன் விரலிலிருந்து சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

“தெருவே பார்க்குதுடி! மானம் போகுது!”

“போகட்டும் அத்தை. டியூஷன் முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வரேன்.”

தாயும் மகளும் நடந்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் காய்ந்த துணியையே மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆபரேஷன்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?”

ஆமாம் என்றால் தீர்ந்தது. ஆனால் அந்த ஆமாமைப் பக்கத்தில் நின்று மகளும் கேட்பாள்.

“ஆபரேஷன் இல்லைங்க டீச்சர். குடிச்சுக்கிட்டிருந்தேன். வைத்தியம் பார்த்து விட்டுட்டேன்.”

மாடியில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பின்னால் மாமியார் கதவை அறைந்து சாத்தினாள். பார்லர்க்காரி நடையைத் தளர்த்தவில்லை.

டீச்சர் துணியைப் போட்டது போட்டபடி தெருவில் இறங்கி வந்தாள். இரண்டு எட்டு கூடவே நடந்தாள். தன் வீட்டு ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நெருங்கி வந்தபோது வாயில் புதினா மிட்டாய் வாசம், கொஞ்சம் அதிகமாகவே.

“ஏம்மா,” என்றாள், உதடு அசையாமல். “அங்கே பொம்பளைங்களுக்குத் தனி ரூம் இருக்கா?”