கயிற்றைப் பிடித்து நின்ற சபை

ஐந்து பெண்களுக்கு மேல் தெருவில் கூடி நிற்கக் கூடாது என்று புரட்சிக்காலப் பாரிஸ் முழுவதும் முரசடித்துச் சொல்லிவிட்டார்கள். ஒதில் என்பவளோ தன் பேட்டைப் பெண்கள் எல்லோரிடமும் பேசியாக வேண்டும். எப்படி என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அவள் தங்கை கொலோம்ப் சிறையில் இருந்தாள். பஞ்சம் முற்றிய அந்த வசந்தத்தில் பெண்கள் மாமன்றத்துக்குள் புகுந்தபோது, கொலோம்ப் பார்வையாளர் மாடத்திலிருந்து ரொட்டி கேட்டுக் கத்தினாள். ஆனால் மன்ற உறுப்பினர் ஒருவரின் தலையைக் கேட்டதாகக் குற்றப்பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். மறுநாள் விசாரணை, நிரூபணமானால் மரணம். மாடத்தில் அவளை ஒட்டி நின்றவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் யார் என்று ஒதிலுக்குத் தெரியாது. அதனால் எல்லோரிடமும் கேட்க வேண்டியிருந்தது.

பெண்கள் சங்கத்தை அரசு மூடும் வரை அதன் சிறந்த பேச்சாளர் ஒதில்தான். முந்தின நாள் நீரூற்றருகே பேசிப் பார்த்தாள். வட்டம் கூடியது. காவலர்கள் வந்து, ஓட முடியாத கர்ப்பிணி ஒருத்தியை இழுத்துப் போனார்கள்.

"நீ வாயத் திறந்தா கூட்டம் சேருது, கூட்டம் சேந்தா துப்பாக்கி வருது" என்றாள் பக்கத்து வீட்டு ஜெர்த்ரூத். "நல்லாப் பேசறதுதான்டி உனக்கு வினை."

"எழுதி ஒட்டட்டுமாக்கா?"

"படிக்கத் தெரிஞ்சவ எத்தன பேரு? தெரிஞ்சவளும் செவுத்து முன்னால நிக்கணுமே."

அன்று காலையில் ரொட்டிக்கடை வரிசை தெருமுனை வரை நீண்டது. கடைக் கதவில் கட்டிய கயிற்றை எல்லோரும் பிடித்து நிற்பார்கள். இடையில் எவளும் நுழைய முடியாது. ரொட்டி வாங்க நிற்பதால், கூட்டத்தைத் தடுத்தவர்களாலும் இதைத் தடுக்க முடியவில்லை.

ஒதில் வரிசையோரமாக நடந்துகொண்டே பேசினாள். அவள் போன பக்கமெல்லாம் தலைகள் திரும்பின.

"குடிமகளே, இங்க என்ன ஊர்வலமா?" என்றான் காவலன். "வரிசை வாலப் புடிச்சு நில்லு, இல்ல வீட்டுக்குப் போ."

வரிசை ஜெர்த்ரூத்தின் வாசலை உரசிக்கொண்டு போனது. ஒதில் அந்தப் படியில் சோர்ந்து உட்கார்ந்தாள். முன்னால் நின்ற மீன்காரி கடைப்பக்கம் நகர்ந்தாள். அவள் இடத்துக்குச் சலவைக்காரி வந்தாள். பிறகு வேறொருத்தி. எல்லோரும் கடையைப் பார்த்தபடி, கயிற்றைப் பிடித்தபடி.

ஒதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேசுபவள் நடந்தால் தலைகள் திரும்பும். நின்று உரக்கப் பேசினால் வட்டம் கூடும். ஆனால் இந்த வரிசை தானே நகர்கிறது. படியைத் தாண்ட ஒருத்திக்கு ஆகும் நேரத்துக்குள் பேச்சு முடிய வேண்டும், அவ்வளவுதான். தன் பேச்சின் முகவுரையை வெட்டினாள். சுதந்திரத்தைப் பற்றிய அழகான பகுதியையும் வெட்டினாள். கிழிந்த காலுறை ஒன்றை மடியில் விரித்து, தலை குனிந்து தைத்தபடி தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

"கொலோம்ப் ரொட்டின்னுதான் கேட்டா. தலையக் கேக்கல. நீ பக்கத்துல நின்னிருந்தா நாளைக்கு வந்து சொல்லு. இன்னிக்கு அவ, அடுத்து கயித்தப் புடிச்சிருக்கற நீ."

எதிரே நின்றவள் திரும்பவில்லை.

"நான் நின்னேன்" என்றாள் கடைக்கதவைப் பார்த்தபடி. "வரேன்."

வரிசை ஓரடி நகர்ந்தது. ஒதில் முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள். அவள் இடம் மாறவில்லை. சபைதான் அவளைக் கடந்து போனது. எந்த நேரத்திலும் அவள் பேச்சைக் கேட்டவர்கள் நால்வருக்கு மேல் இல்லை.