பக்கம் திருப்பியவள்

மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி. அந்த நேரத்தில் இசை கேட்க வருகிறவர்களை அவ்வளவாக நம்ப முடியாது. பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், மீதியில் பாதி வாசிக்கிறவர்களின் உறவுக்காரர்கள். நூலகத்தின் மாடிக் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், நாற்பது நிறைந்திருந்தது. வாசலில் ஒட்டிய தாளில் 'வளரும் இளம் கலைஞர்கள்: பியானோ, வயலின், செல்லோ' என்று எழுதி, கீழே மூன்று பெயர் போட்டிருந்தது. மேடையில் நான்காவதாக உட்காரப்போகிற பெரியவளின் பெயர் அதில் இல்லை. பக்கம் திருப்புகிறவளின் பெயரை எந்த ஊரில்தான் போடுகிறார்கள்!

போன வருடம் வரை அந்த மூன்றில் முதல் பெயர் அவளுடையது.

நான்கு வருடம் அந்தக் குழுவுக்குப் பியானோ வாசித்தவள் அவள். போன மாரிக்காலத்தில் வலது மணிக்கட்டு வீங்கியது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே சுளீர் என்றது. "ஒரு வருஷம் பியானோ பக்கமே போகக் கூடாது. அதுக்கப்புறமும் பழைய மாதிரி வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கென்ன?

இரண்டே வாரத்தில் மற்ற இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வயலின்காரனுக்கு ஊசி என்று பெயர்; ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். செல்லோக்காரன் அந்தப் பெரிய பெட்டியை எப்போதும் முதுகில் சுமந்து திரிவதால் அவன் மூட்டை. இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கோப்பையின் காதைத் திருகிக்கொண்டே, அவளுடைய தங்கை சின்னவளைப் பியானோவுக்குக் கேட்டார்கள். அடுப்புப் பக்கம் நின்று அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் பெரியவள்.

"நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேல்ல?" என்றான் மூட்டை.

"நான் என்ன நினைக்கப்போறேன்? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலித்தது.

சின்னவள் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "அக்கா பக்கம் திருப்பினா வாசிக்கிறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க." அவளுக்கு இருபத்தொரு வயது. அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே வளர்ந்தவள். அக்கா சொன்னால் பகலை இரவு என்பாள். அவளை வெறுக்கவாவது முடிந்தால் பரவாயில்லை, அதுவும் முடியவில்லை. பெரியவளுக்கு அதுதான் பெரிய வேதனை.

அம்மா தையற்கடை வைத்திருப்பவள். பெரியவளின் கறுப்பு மேடை உடையைப் பிரித்து, இடுப்பில் கொஞ்சம் பிடித்து, சின்னவளுக்குத் தைத்துக் கொடுத்தாள். "சும்மா அலமாரியில தொங்கறதுக்கு இவளாவது போட்டுக்கட்டும்" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு விஷயம் சாதாரணமில்லை. நகரத்தின் பெரிய அரங்கத்தில் இளைஞர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான அம்மையார் வந்திருந்தார். வருடத்துக்கு ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, வருடம் முழுக்க மேடை கொடுப்பார். இரண்டாவது வரிசை ஓரத்தில், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, மடியில் சின்னக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். சின்னவளின் வாழ்க்கை அந்தக் குறிப்பேட்டில் ஏறுமா ஏறாதா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவருக்கு முன் வரிசையில் அம்மா, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

பின்னறை என்று அவர்களுக்குக் கொடுத்தது பழைய புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் அறை. பசை வாசனை தூக்கியது. பெரியவள் மேசையில் இசைப் புத்தகத்தை விரித்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையையும் லேசாக மடித்துவிட்டாள், திருப்பும்போது விரலுக்குச் சிக்குவதற்காக. அது அவளுடைய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அவள் பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. 'மூச்சு விடு.' 'செல்லோவைப் பார்.' 'அவசரப்படாதே.' ஒன்பதாம் பக்கத்தின் அடியில், தடித்த கோடும் இரண்டு புள்ளியும் போட்ட இடத்தில், பெரிய எழுத்தில் 'நேரே போ!'

அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் அர்த்தம், திரும்ப முதலிலிருந்து வாசி என்பது. சில குழுக்கள் வாசிப்பார்கள், சில குழுக்கள் விட்டுவிட்டு மேலே போவார்கள். எதுவானாலும் மூவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவள் வாசித்த நான்கு வருடமும் நேரேதான் போனார்கள். "திருப்பி வாசிச்சா ஜனங்க கொட்டாவி விடுவாங்க" என்பது ஊசியின் கட்சி. இப்போது திரும்ப வாசிக்கிறார்கள்.

"அப்பல்லாம் வேணாம்னீங்க, இப்ப மட்டும் எதுக்கு?" என்று காலை ஒத்திகையில் பெரியவள் சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

மூட்டை வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "என்னமோ தெரியல, இவ வாசிக்கிறப்போ இன்னொரு தடவை கேக்கணும்போல இருக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஊசி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான். பெரியவள் எதுவும் காதில் விழாததுபோல், ஒரு சிவப்பு ஒட்டுத்தாளைக் கிழித்து முதல் தாளின் ஓரத்தில் ஒட்டினாள். ஒன்பதாம் பக்கத்துக்கு வரும்போது அந்தத் தாள் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் நான்கு தாளும் ஒன்றாகத் திரும்பி, முதல் பக்கம் வந்துவிடும். மேலே போவதென்றால் வலது மூலையைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. குழந்தைகூடச் செய்யும்.

இப்போது, கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் 'நேரே போ!'வைத் தங்கையிடம் காட்டினாள். "இதை ஏன்டி இன்னும் அழிக்கல?"

"இருக்கட்டும்க்கா. உன் எழுத்தைப் பாத்தா எனக்குத் தைரியமா இருக்கு." சின்னவளின் கை ஐஸ்கட்டியாக இருந்தது. "அந்தம்மா வந்துட்டாங்களாமே? சொதப்பிடுவேனோன்னு இருக்குக்கா."

"ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

உண்மையாகவே சொன்னாள். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள்.

மேடை ஏறினார்கள். கைதட்டல். பெரியவள் பியானோவுக்கு இடது பக்கம் கொஞ்சம் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன்னுடைய சாம்பல் நிற உடையை மடித்து உட்கார்ந்தாள். ஊசி மூச்சை உள்ளே இழுத்தான். ஆரம்பித்தார்கள்.

சின்னவள் நன்றாகவே வாசித்தாள். நன்றாக என்ன, பொல்லாத வாசிப்பு! முதல் பக்கத்திலேயே கூடம் அடங்கிவிட்டது. வெயிலுக்கு ஒதுங்கிய ஒருத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கப்போனவர் அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு இடம். பெரியவள் நான்கு வருடமாக முட்டி மோதியும் விரல் தடுக்கிய இடம். தங்கை அதைத் தாண்டியதே தெரியவில்லை, வாசலைத் தாண்டுவதுபோலப் போய்விட்டாள். அக்காவின் உடை, அக்காவின் புத்தகம், அக்காவின் இடம். அக்கா எழுதிய 'மூச்சு விடு'வில் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் எரிந்ததுதான், அதில் நாசூக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது? அதே நேரத்தில் கண்ணும் கலங்கியது, பெருமையில். இரண்டும் ஒரே நெஞ்சில் இடித்துக்கொண்டு நின்றன.

அக்கா தங்கைக்குள் தலையசைப்புக் கிடையாது. மற்ற பியானோக்காரர்கள் பக்கம் திருப்பச் சொல்லித் தலையை ஆட்டுவார்கள். சின்னவளுக்கு அது தேவையே இல்லை. எப்போது எழ வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். ஒன்பதாம் பக்கம் வந்தது. பெரியவள் எழுந்தாள். இடது கை நீண்டு சிவப்புத் தாளைத் தொட்டது. விரலில் அதன் முனை பட்டது.

தடித்த கோடு நெருங்கியது. அடியில் அவளுடைய கையெழுத்து. நேரே போ.

கை சிவப்புத் தாளை விட்டது. பக்கத்தின் குறுக்கே போய், வலது மூலையைப் பிடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பியது.

வயலினும் செல்லோவும் முதலுக்குத் திரும்பின. சின்னவள் கண்முன் இருந்த பக்கத்தை வாசித்தாள். அவள் காதுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. ஆனால் அக்கா திருப்பியிருக்கிறாள், அப்படியென்றால் அதுதான் சரி. காதை விட்டுவிட்டு அக்காவை நம்பினாள். மூன்று தாளச் சுற்று வரை இரண்டு வேறு பாட்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. ஊசி திரும்பி முறைத்தான். மூட்டையின் வில் பாதியில் நின்றது. பிறகு எல்லாமே நின்றது.

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பொறுப்பாளர் அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார்.

பெரியவளின் கை இன்னும் காற்றிலேயே நின்றது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

சின்னவள் புத்தகத்தைப் பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த சிவப்புத் தாளைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"மன்னிக்கணும். தப்பு என்னோடது. கடைசி நிமிஷத்துல அக்காகிட்ட மாத்திச் சொல்லிட்டேன், இவங்க ரெண்டு பேர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். முதல்லேருந்து வாசிக்கிறோம்."

யாரோ ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு வயலினைத் தோளில் வைத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் அதை நம்பிவிட்டான்.

திரும்பவும் முதல் பக்கம். இம்முறை சின்னவளின் வாசிப்பில் ஒரு வெறி இருந்தது. பெரியவள் எழுந்து, திருப்பி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து திருப்பினாள். ஐயோ, ஒன்பதாம் பக்கம் சீக்கிரம் வரட்டும், இந்தத் தடவை சரியாகச் செய்துவிடுகிறேன் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அந்த ஒரு பக்கத்தை ஒழுங்காகத் திருப்பிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று தோன்றியது. கோட்டுக்கு நான்கு தாளச் சுற்று முன்னாலேயே எழுந்துவிட்டாள். கையை நீட்டினாள்.

சின்னவளின் இடது கை கட்டையைவிட்டு வெடுக்கென்று எழுந்தது. அக்காவின் கைக்குக் கீழாகப் போய், சிவப்புத் தாளைப் பிடித்து, நான்கு தாளையும் தானே இழுத்துத் திருப்பிவிட்டு, மறுபடி கட்டையில் இறங்கியது. ஒரு தாளச் சுற்று முழுக்க அடி ஸ்வரங்கள் இல்லை. மூட்டை தன் செல்லோவை அழுத்தி அந்தப் பள்ளத்தை மூடினான். கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பெரியவளுக்குத் தெரிந்தது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓடவும் வழியில்லை; பக்கம் திருப்புகிறவள் பாதியில் இறங்கிப்போக முடியாது. அடுத்த பக்கத்தின் முடிவில் சின்னவள் தலையசைத்தாள். நன்றாக, பெரிதாக, முன்பின் தெரியாத ஆளுக்கு அசைப்பதுபோல. அவள் திருப்பினாள். அதற்கடுத்த பக்கத்துக்கும் அசைத்தாள். மொத்தம் முப்பத்தொரு தடவை திருப்ப வேண்டியிருந்தது. முப்பத்தொன்றுக்கும் அசைத்தாள்.

முடிந்ததும் கூடம் எழுந்து நின்று தட்டியது. அம்மா விசும்பிக்கொண்டே தட்டினாள்.

பொறுப்பாளர் அம்மையார் பின்னறைக்கே வந்துவிட்டார். மூவரோடும் கைகுலுக்கினார். "நடுவுல விழுந்தீங்க, ஆனா எழுந்த விதம் இருக்கே! அதுவும் நீங்க," என்று சின்னவளின் தோளைத் தொட்டார். "அடுத்தவங்க தலையில போடாம, என் தப்புன்னு எழுந்து நின்னு சொன்னீங்க பாருங்க. அங்கதான் நான் முடிவு பண்ணேன். அடுத்த வருஷம் நீங்கதான்."

மூட்டை ஊசியைத் தூக்கிச் சுற்றினான். அம்மா இரண்டு மகள்களையும் சேர்த்து அணைத்து, "ரெண்டு பேருமா சேர்ந்து சாதிச்சுட்டீங்க" என்று ஆளுக்கொரு முத்தம் வைத்தாள். பெரியவளுக்கு அந்த முத்தம் சுட்டது.

கிளம்பப்போன அம்மையார் நின்று, "அப்புறம், பக்கம் திருப்ப எங்க அரங்கத்துலயே பழகின ஆள் இருக்காங்க. அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம்" என்றார்.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அக்கா திருப்பினால்தான் வாசிப்பேன் என்று சமையலறையில் அடம்பிடித்தவள். ஊசியும் மூட்டையும்கூட அவள் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

"சரிங்க மேடம்" என்றாள் சின்னவள்.

மற்றவர்கள் படியிறங்கிப் போனார்கள். பெரியவள் பசை வாசனைக்குள் தங்கையை மறித்துக்கொண்டு நின்றாள். மார்போடு இசைப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அது கை தவறி நடந்ததில்லடி."

"தெரியும்."

"நான்…"

"உன் விரல் அந்தத் தாள்மேல இருந்துச்சு. நான் பாத்தேன்க்கா." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அப்புறம் எதுக்குடி எல்லார் முன்னாடியும் உன் தப்புன்னு சொன்னே?"

சின்னவள் கறுப்பு உடையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "முன் வரிசையில அம்மா உக்காந்திருந்தாங்கல்ல."

கீழேயிருந்து அம்மா இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். சின்னவள் கையை நீட்டினாள். "புத்தகத்தைக் குடுக்கா. இனிமே நானே வச்சுக்கறேன்."

பெரியவள் கொடுத்தாள்.