ஐந்தாவது கேள்வி

வீரம்மா என்ன செய்துவிட்டுச் சிறைக்குப் போனாள் என்பது இந்தக் கதையில் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செய்தது உண்மை, செய்யவில்லை என்று அவள் ஒரு நாளும் சாதித்ததில்லை. நீதிபதி கேட்டார், வக்கீல்கள் கேட்டார்கள், ஏழு வருஷம் என்று தீர்ப்பு வந்தது. அந்த ஏழில் இருபத்தாறு நாள்தான் பாக்கி. இதற்கப்புறமும் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது என்று குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்கே அவள் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் நான் ஏன் சொல்ல வேண்டும்?

கோவைச் சிறையில் ஜெஸிந்தா என்று ஒரு நல அலுவலர். விடுதலை நெருங்கியவர்களுக்கு முன்கூட்டியே வெளியில் வேலை பிடித்துக் கொடுப்பது அவருடைய பொறுப்பு. முதலாளிகள் பெரும்பாலும் ஃபோனிலேயே கையை விரித்துவிடுவார்கள். வீரம்மா பந்தலூரில் பதினொரு வருஷம் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும், ஜெஸிந்தா ஒவ்வொரு ஃபேக்டரியாகக் கேட்டுக் கடைசியில் குன்னூரில் ஒன்றைப் பிடித்தார். மூன்று நாள் விடுப்பில் போய் வேலை செய்து காட்ட வேண்டும். மேனேஜர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை அவளுக்கு. கூடவே லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறையும் சாவியும்.

அவளுக்கு வேலையைவிட அந்தச் சாவிதான் பெரிதாகப் பட்டது. ஏழு வருஷமாக அவள் கதவை வேறு யாரோதான் பூட்டினார்கள், வேறு யாரோதான் திறந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் பந்தலூரில் அண்ணன் இருளப்பன் வீடு இருக்கிறது. அண்ணன் ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தரம் பார்க்க வந்தான். வந்தவன், வெளியே வருகிற அன்றைக்கு இருட்டினதும் வா, பக்கத்து வீட்டார் கண்ணில் பட வேண்டாம், அடுப்படிக்குப் பின்னால் இடம் ஒதுக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தங்கச்சியை அவன் ஒளித்து வைக்கத்தான் கூப்பிட்டான். அங்கே போவதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஃபேக்டரியில் முதல் நாளே வேலை கைக்கு வந்துவிட்டது. மேல்மாடியில் நீள நீளமான தொட்டிகள். கம்பி வலை மேல் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும், அடியில் ஃபேன் ஓடும். வாடியது போதுமா என்று சொல்ல மெஷின் உண்டு. வீரம்மா அதைப் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தாள். உதிராமல் உருண்டையாக நின்றது. ஒரு காம்பை மடக்கினாள், ஒடியாமல் வளைந்தது. இறக்கலாம் என்றாள். மாடிக்குப் பொறுப்பான சுப்பண்ணன் தானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் தரையிலிருந்த ஓட்டையின் பலகையை நகர்த்தினார். கீழே அரைக்கும் மெஷினுக்குக் கொழுந்து அந்த வழியாகத்தான் இறங்கும். மாலைக்குள் பலகையை நகர்த்துகிற வேலையையும் அவளிடமே விட்டுவிட்டார்.

மேனேஜர் பிராங்ளின் கெட்டவர் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், தொழிலாளி வீட்டில் காய்ச்சல் என்றால் தன் காரை அனுப்புகிறவர். சிறையிலிருந்து ஆள் எடுக்க இந்தப் பக்கத்தில் துணிந்தவரும் அவர் ஒருத்தர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சத்துக்குக் கொஞ்சம் கூடவே. அன்றைக்கு மதியம் மாடிக்கு வந்தவர், உலர்த்தும் மெஷினில் சூடு எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு வரச் சொல்லி அவளைக் கீழே அனுப்பினார்.

"ட்ரையர்ல குத்துக்கேஸ் பாலன்னு ஒருத்தன் இருப்பான். அவன்கிட்டக் கேளு" என்றார்.

பாலன் ஐம்பது வயசுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், சத்தமே வராமல் நடக்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் இதே ஜெஸிந்தா மூலமாக வந்து சேர்ந்தவர். "ஏனுங்க, புதுசுங்களா? பேரு என்னங்க?" என்று கேட்டார். அந்த ஃபேக்டரியில் அவள் பேரை முதலில் கேட்டவர் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் கேஸைத்தான் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிராங்ளின் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்தது. 'என் பெயர் ........ நான் ........ என்ற குற்றத்துக்காக ........ ஆண்டு சிறையில் இருந்தேன். மனம் திருந்திவிட்டேன். என்னை உங்களில் ஒருத்தராக ஏற்றுக்கொள்ளுங்கள்.' நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் எல்லார் முன்னாலும் இதைப் படிக்க வேண்டும் என்றார். இது அவர் வைத்திருக்கும் பழக்கம். முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் முதுகுக்குப் பின்னால் யாரும் பேச மாட்டார்கள், பாலன்கூட இப்படிச் சொல்லித்தான் சேர்ந்தான் என்றார். சொல்லும்போது அவர் குரலில் உண்மையான கருணை இருந்தது. அதுதான் எரிச்சல்.

வீரம்மா ஜெஸிந்தாவுக்கு ஃபோன் போட்டாள். நாலு வரிதானே வீரம்மா, கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடு, அடுத்த இடம் தேட எனக்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை என்றார் ஜெஸிந்தா. பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. வீரம்மா அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிறையில் எழுதத் தெரியாத பெண்களுக்கு எல்லாம் மனு எழுதிக் கொடுத்தவள் அவள். காலி இடங்களை நிரப்பி நிரப்பிக் கை காய்த்தவள். இந்தக் காலி இடங்களை நிரப்ப மட்டும் பேனாவை எடுக்கவே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பெரட்டு கூடியது. மஸ்டர் என்று இங்கே சொல்வதை அவள் அப்படித்தான் சொல்வாள்; அவள் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறும்போது கொண்டுவந்த சொல் அது. பனி விலகாத முற்றத்தில் நாற்பது பேரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். பிராங்ளின் தலையாட்டினார். வீரம்மா தாளைப் பிரித்தாள்.

"என் பேரு வீரம்மா. கொழுந்து வாட்டுற வேலை. பதினொரு வருஷம் பார்த்திருக்கேன்" என்றாள். பிறகு தாளை நாலாக மடித்தாள். "மிச்ச எடமெல்லாம் காலியாத்தான் இருக்கும் சார்."

யாரோ சிரித்தார்கள். பிராங்ளின் முகம் சிவந்தது. தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் மாலதி முன்னால் வந்தாள். அவள் வம்புக்காரி இல்லை, பயந்தவள். பயந்தவள் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

"நாங்க யாரு பக்கத்துல நின்னு வேலை செய்யறோம்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமாங்க?"

"தெரியணும்தான். ஒரு வாரம் பக்கத்துல நில்லுங்க, தெரிஞ்சிரும்" என்றாள் வீரம்மா.

பிராங்ளின் எல்லாரையும் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு வீரம்மாவை ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

ஆபீஸில் அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். தான் யாரையும் அவமானப்படுத்துகிறவன் இல்லை என்று ஆரம்பித்தார். மலையில் ஊர்ப்பேச்சு எப்படிப் பரவும் என்று அவளுக்கே தெரியும். ஒன்றுக்குப் பத்தாகக் கட்டிப் பேசுவதற்குள் உள்ளதைச் சொல்லிவிட்டால் அதோடு அந்தப் பேச்சு செத்துவிடும். அவள் நல்லதுக்குத்தான் சொன்னதாகச் சொன்னார். வீரம்மா முழுக்கக் கேட்டாள்.

"பாலண்ணன் சொன்னாருல்ல சார். மூணு வருசம் ஆச்சு. செத்துடுச்சா?"

"யாரு இப்ப அதைப் பத்திப் பேசறாங்க?"

"முந்தாநாளு ட்ரையர்ல யாரைப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்புனீங்க? என்ன பேரு சொன்னீங்கன்னு நெனப்பு இருக்குதா சார்?"

பிராங்ளின் வாயைத் திறந்தார். பேர் நினைவுக்கு வந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை இடம் மாற்றி வைத்தார். மூன்று வருஷமாகத் தானும் அப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது அந்த நல்ல மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்ததை ஒத்துக்கொள்வது மேனேஜர்களுக்கு அவ்வளவு சுலபமா? டிராயரைத் திறந்து ஜெஸிந்தா அனுப்பிய படிவத்தை எடுத்தார்.

"சொன்னதைக் கேட்காத ஆளை நான் எப்படிம்மா எடுக்கறது? இதுலயே கேட்டிருக்கு பாரு, சொன்ன வேலையைச் செய்தாரான்னு."

"ஜெயில்ல அந்த ஃபாரத்தை நூறு காப்பி எழுதிக் குடுத்தவ நான்தான் சார். நாலு கேள்வி இருக்கு. தொழில் தெரியுமா, ஒடம்பு ஒத்துழைக்குதா, நேரத்துக்கு வந்தாரா, சொன்ன வேலையைச் செஞ்சாரா. பெரட்டுல நின்னு அழுவுறதுக்கு எந்த செக்‌ஷன்ல சார் ஆள் எடுக்கிறீங்க?" குரல் உயரவில்லை. "நீங்க கேட்டது அஞ்சாவது கேள்வி. அது ஃபாரத்துல இல்ல, உங்களோட சொந்தக் கேள்வி. அதுக்குப் பதில் சொல்லலைன்னு என்னை வேண்டாம்னா, கீழ குறிப்புன்னு எடம் விட்டிருக்கு. அதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தொழில் தெரியும், ஆனா கத சொல்ல மாட்டேங்குதுன்னு எழுதுங்க. நான் பஸ் ஏறிப் போயிர்றேன்."

இதைச் சொல்லும்போது அவள் கண்ணுக்கு முன்னால் அண்ணன் வீட்டு அடுப்படி வந்து நின்றது. புகை படிந்த சுவர், மூடியே கிடக்கும் ஜன்னல். அங்கே போக நேர்ந்தாலும் நேரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த முற்றத்தில் தினமும் ஒரு குற்றத்தின் பேரைத் தலையில் சுமந்துகொண்டு நிற்பதைவிட அது ஒன்றும் கேவலமில்லை.

பிராங்ளின் பேனாவின் மூடியைத் திறந்தார். முதல் மூன்று கேள்விக்கும் ஆம் என்று எழுதினார். நாலாவதில் பேனா நின்றது. மேலே மாடியில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காமல் வாடிக்கொண்டிருந்தது. நாலாவதுக்கும் ஆம் என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தன் கையெழுத்தில், தன் பேருக்கு மேலே அந்தக் காரணத்தை அவரால் எழுத முடியவில்லை. காலியாகவே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்பத் திமிரும்மா உனக்கு" என்றார்.

"ஆமா சார்" என்றாள் வீரம்மா.

இருபத்துமூன்று நாள் கழித்து, பட்டப்பகலில், ஒரு பையோடு அவள் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். லயத்து அறையைத் தானே திறந்தாள், தானே பூட்டினாள். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, சும்மா இன்னொரு தரம் திறந்து பூட்டினாள். மறுநாள் பெரட்டில் பிராங்ளின் சுருக்கமாக முடித்துக்கொண்டார். "வீரம்மா. கொழுந்து வாட்டற செக்‌ஷன்" என்றார், அவ்வளவுதான்.

கூட்டம் கலையும்போது பாலன் பக்கத்தில் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, நான் அன்னிக்கு இங்க நின்னு சொன்னேனுங்களே. அதைத் திருப்பி வாங்கிக்க முடியுங்களா?"

முடியும் என்று பொய் சொல்ல வீரம்மாவுக்கு வாய் வரவில்லை. மாடிப்படி ஏறினாள்.

ஒன்பது மணிக்குக் கொழுந்து பதமாக வந்திருந்தது. கீழே அரைக்கும் மெஷினை ஓட்டிவிட்டு, அதன் ஆள் செலஸ்டின் ஓட்டை வழியாக மேலே கத்தினான். ட்ரையர் சூடாகிவிட்டது, கொழுந்தை இறக்கு என்றான்.

"யாரு சொன்னது?" என்று கேட்டாள் வீரம்மா.

"குத்துக்கேஸ்தான் சொல்லுச்சு."

பலகையில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாதே."

செலஸ்டின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பலகை நகரவில்லை. கீழே மெஷின் வெறுமனே ஓடிக் கரகரவென்று இரைந்தது. சலிக்கும் பகுதியில் மாலதி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சுப்பண்ணன் பக்கத்துத் தொட்டியில் இல்லாத குப்பையைப் பொறுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஆபீஸ் வாசலில் பிராங்ளின் வந்து நின்று மேலே பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பிப் போனார்.

"அட, ட்ரையர் பாலண்ணன்தாங்க சொன்னாரு" என்று கடைசியில் கத்தினான் செலஸ்டின்.

வீரம்மா பலகையை நகர்த்தினாள். கொழுந்து கொத்துக்கொத்தாகக் கீழே விழுந்தது. அந்தப் பேருக்காக அன்றைக்கு இன்னும் மூன்று தரம் பலகையை மூட வேண்டியிருந்தது. மறுநாள் ஒரே தரம்.