ஐந்தாவது வரி

கடைத்தெருவில் அவரை பீப் அண்ணன் என்றால்தான் தெரியும். டிவி, கேம் மெஷின் ரிப்பேர் கடை. அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தால் மனுஷனுக்குக் கோபமே வராது, உச்சி குளிர்ந்துபோகும். வித்தைக்குக் கிடைத்த பேராச்சே!

வித்தை இதுதான். வீட்டில் பழைய டிவி போய்ப் புது ஹெச்டி டிவி வரும். கேம் மெஷினை அதில் மாட்டுவார்கள். மெஷின் ஓடும், விளக்கு எரியும், டிவி மட்டும் 'சிக்னல் இல்லை' என்று எழுதிவிட்டுக் கருப்பாகக் கிடக்கும். மெஷின் பழைய டிவிக்கு ஏற்ற அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். புதுசுக்கு அந்த அளவு ஒத்துவராது. "ஒண்ணும் கெட்டுப்போகலை. மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்" என்பார் அண்ணன். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். முதல் பீப். விடமாட்டார். ஏழாவது நொடியில் இரண்டாவது பீப். அப்போது மெஷினுக்குள் ஒரு ரிப்பேர் பட்டியல் திறக்கும். திரை கருப்பு, அதனால் யார் கண்ணுக்கும் தெரியாது. கன்ட்ரோலரில் கீழே நாலு தட்டு, 'பட அளவை மாற்று' என்கிற ஐந்தாவது வரியில் வந்து நிற்கும். உள்ளே ஒரு அழுத்து. 'நிச்சயமா?' என்று கேட்கும். வலது பக்கம் ஒரு தட்டு, மறுபடி ஒரு அழுத்து. பத்து நொடியில் ஒற்றை பீப்போடு படம் பளிச்சென்று வந்துவிடும்.

எந்த மெஷினோடும் ஒத்துப்போகிற சின்ன மானிட்டர் ஒன்று பரணில் இருக்கத்தான் செய்தது. அதில் மாட்டினால் பட்டியலைக் கண்ணால் படித்தே வேலையை முடிக்கலாம். ஆனால் அதன் மேல் மூன்று அட்டைப்பெட்டிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. யார் இறக்குவது? இறக்கினால் அப்புறம் பீப் அண்ணன் என்ற பேர் எதற்கு?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். உடம்பில் ரத்தப் பரிசோதனை லேபின் வெள்ளைக் கோட்டு. துண்டில் சுற்றிய மெஷினை மேஜை மேல் வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டு ஹெச்டி டிவில மாட்டினேன், படம் வரலைண்ணே. என் தங்கச்சியோட மெஷின்."

"தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு கேட்டா?"

"அவ இல்லைண்ணே. போய் இருபத்து மூணு நாளாச்சு."

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கொட்டித் தீர்த்தாள். டிவிக்கு மேலே ஒட்டடை அடிக்கும்போது தங்கச்சி கால் வழுக்கி விழுந்துவிட்டாளாம், டிவியும் சேர்ந்து விழுந்ததாம், தலையில் அடியாம். தங்கச்சி புருஷன் சொன்னான், போலீஸில் எழுதிக்கொண்டார்கள், முடிந்தது கதை. ஆனால் அன்று மதியம் மூன்று நாற்பதுக்கு அக்காவின் ஃபோனில் தங்கச்சியின் கேம் மெஷினிலிருந்து ஒரு தகவல் வந்திருந்தது: 'உங்கள் தோழி ஒரு வீடியோவைச் சேமித்திருக்கிறார்.'

"நாங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்ல இருந்தே சேர்ந்து விளையாடுவோம். ஒரு பட்டனை அழுத்தினா, கடைசி கால் மணி நேரத்து விளையாட்டும் மைக்ல கேட்ட குரலும் பதிஞ்சிடும். அவன் கையை ஓங்கறப்பல்லாம் அவ அந்தப் பட்டனை அழுத்திடுவா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். 'ஒரு நாள் போட்டுக் காட்டறேன் அக்கா, அப்பதான் நீ நம்புவே'ன்னா." அவள் துண்டின் ஓரத்தை முறுக்கினாள். "நான் நம்பலைண்ணே. எல்லா வீட்லயும் நடக்கறதுதானேன்னு சொன்னேன். பாவி நான்."

அண்ணன் துண்டை விலக்கி மெஷினைத் திருப்பிப் பார்த்தார். "வேற எங்கயாவது ஏத்தி வெச்சிருக்காங்களா?"

"இல்லை. இந்த மெஷினுக்குள்ள மட்டும்தான். ஸ்டேஷன்ல 'முதல்ல படத்தைக் கொண்டா, அப்புறம் பார்ப்போம்'னுட்டாங்க. அவளோட நினைவா வெச்சுக்கறேன்னு கேட்டதும் அவனும் எடுத்துட்டுப் போங்கன்னுட்டான். மறுநாளே எதையோ மோப்பம் பிடிச்ச மாதிரி திருப்பிக் கேட்டான். இப்ப தினம் ஃபோன். படம் வந்துச்சா, படம் வந்துச்சான்னு. நெட் வயரை மாட்டி விடுங்க, தானா அப்டேட் ஆகி சரியாயிடும்னான். அதையும் செஞ்சு பார்த்தேன், வரலை."

அப்டேட் என்ற சொல் கேட்ட காதோடு போயிற்று. அண்ணன் மனசெல்லாம் அந்தக் கால் மணி நேரத்திலேயே நின்றது. இந்தப் பெண்ணுக்கு இதைச் செய்து கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் இப்போதே. கடையின் பெரிய ஹெச்டி டிவியில் மெஷினை மாட்டினார். 'சிக்னல் இல்லை.'

"திரையில ஒண்ணுமே தெரியாமலேவா அழுத்துவீங்க?" என்றாள் அவள். "எங்க லேப்ல பேரை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் ஊசியையே எடுப்போம்."

"ஆயிரம் மெஷினைப் பார்த்த கை இது. கவலைப்படாதேம்மா."

முதல் பீப். இரண்டாவது பீப். கீழே நாலு. உள்ளே. வலது. உள்ளே. வழக்கம்போல விரலைச் சொடுக்கிவிட்டு எண்ண ஆரம்பித்தார்.

பத்து நொடி ஆயிற்று. பீப் வரவில்லை. இருபது. முப்பது. மெஷினின் வெள்ளை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. உள்ளே ஃபேன் இரைய ஆரம்பித்தது. இந்த வேலையில் ஃபேன் ஒருநாளும் இரைந்ததில்லை.

"அண்ணே?"

"வரும், வரும்."

ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நேத்து அப்டேட் ஆச்சுல்ல, அதனால லேட் ஆகுதோ என்னமோ" என்றாள் அவள்.

இப்போதுதான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. "அப்டேட் ஆயிடுச்சா? நெசமாவே ஆயிடுச்சா?"

"அரை மணி நேரம் ஆரஞ்சு விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது. சொன்னேனேண்ணே!"

அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டார். மூன்றும் தரையில் சிதறின. மானிட்டரை இறக்கி, தரையிலேயே வைத்து, வயரை மாற்றிச் செருகினார். குனிந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

'எல்லாப் பதிவுகளும் அழிக்கப்படுகின்றன. 88 சதவீதம். மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.'

பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். விளக்கு அணைந்தது. புது அப்டேட் பட்டியலின் முதல் இரண்டு வரிகளை ஒன்றாக்கியிருக்க வேண்டும். கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறியிருக்க வேண்டும். ஆறாவது வரி 'எல்லாவற்றையும் அழி' என்று அண்ணனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அதை அவர் தொட்டதே இல்லை. அதுதான் இன்று ஐந்தாவதாக நின்றிருக்கிறது.

ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில், வயரைப் பெரிய டிவிக்கே மாற்றி மறுபடி மின்சாரம் கொடுத்தார். ஒற்றை பீப். திரை முழுக்க நீலம் பரவியது. அவ்வளவு துல்லியமான படத்தை அந்த டிவி அதுவரை காட்டியதில்லை. 'வரவேற்கிறோம்! உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.'

"வந்துடுச்சு!" அவள் எழுந்துவிட்டாள். "அண்ணே, படம் வந்துடுச்சு! நீங்க நல்லா இருக்கணும்!"

கும்பிட்ட கையோடு நிற்கிறாள் அந்தப் பெண்! அண்ணனுக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டிஸ்க் முன்னாடியே செத்திருந்தது என்று ஒரு பொய் சொன்னால் போதும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"படம்தான்மா வந்திருக்கு. உள்ள ஒண்ணும் இல்லை. நான்தான் அழிச்சுட்டேன். பார்க்காம அழுத்தி, நானே அழிச்சுட்டேன்."

அவள் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேஜை மேல் இருந்த அவள் ஃபோன் அடித்தது. தங்கச்சி புருஷன். எடுத்துக் காதில் வைக்காமல், மேஜை மேலேயே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, படம் வந்துச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "வந்துடுச்சு தம்பி. நல்லாத் தெளிவா இருக்கு."

"ஓ."

"குரலும் கேக்குது. அவ குரலும் இருக்கு, உங்க குரலும் இருக்கு."

அண்ணன் நிமிர்ந்தார். ஒரு கணம்தான், புரிந்துவிட்டது. பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தார். திரையைப் படித்தார். ரெக்கார்டு என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்து, இரண்டாவது தடவையும் பார்த்து, அப்புறம்தான் அழுத்தினார். சிவப்புப் புள்ளி எரிந்து, நொடிகள் ஓட ஆரம்பித்ததும் அவள் ஃபோனுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தார்.

எந்தக் குரல், என்ன உளறுறீங்க என்று அவன் கேட்டிருக்கலாம். ஒன்றும் அறியாதவன் அதைத்தானே கேட்பான்? வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"எதுவரைக்கும் கேட்டீங்க?" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. குரலில் மட்டும் நடுக்கம் இல்லை. "கடைசிவரைக்கும் கேட்டேன்."

"நான் ஒண்ணும் வேணும்னு தள்ளலை. அவ சும்மா இருந்திருந்தா... சரி, எந்தக் கடையில இருக்கீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொல்லு என்று அண்ணன் தலையை ஆட்டினார். தெருவைச் சொன்னாள், மாடிப்படிக்குக் கீழே என்று அடையாளமும் சொன்னாள்.

"அரை மணி நேரத்துல வர்றேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க." வைத்துவிட்டான்.

அண்ணன் பதிவை ஓட்டிப் பார்த்தார். முழுசாக இருந்தது. அவளுடைய நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து அதை அனுப்பினார். அப்புறம் ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டார். ஆள் அனுப்புகிறோம், வருவதற்கு அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"நீ பின்பக்கமாப் போயிடும்மா. அவன் வந்தா நான் பார்த்துக்கறேன்."

"போகமாட்டேண்ணே. அவ சொன்னப்ப நான் நம்பலை. இப்ப அவன் வாயாலேயே கேட்டுட்டேன், இனி எங்க போக?"

அண்ணனும் வற்புறுத்தவில்லை. ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பெரிய டிவி இன்னும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஷட்டருக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் என்று சொன்ன அவன் ஃபோனை வைத்து ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.