மேகத்துக்கு முதுகு காட்டாதவர்

1

இந்தக் கதை காரியாபட்டி பஸ் நிலையத்தில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மதுரையில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். வேட்டி கட்டிய ஒருவர் மட்டும் குனியவில்லை. வலது கையை எதையோ பிடித்ததுபோல மூடி, வயிற்றுப் பக்கமாக மெல்ல, மிக மெல்ல இழுத்தார். "மெதுவா தாயி, மெதுவா" என்றார். பிறகு அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊர் பேர்கூடக் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. ஆனால் அந்தக் கையும் அந்தத் 'தாயி'யும் நான் கட்டியவை அல்ல.

2

ஆரம்பம் ஒன்று: பரளச்சியின் வானம் அன்று துடைத்துவிட்ட வெண்கலப் பானைபோல

(வேண்டாம். வானத்தில் தொடங்கினால் நான் தரைக்கு வரமாட்டேன்.)

ஆரம்பம் இரண்டு: மருதுபாண்டிக்கு விமானம் என்றால் பயம்.

(பொய். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைக் கயிறில்லாமல் இறங்கித் தூக்கிவந்த மனிதர் அவர். அவருக்குப் பயம் என்று எழுதினால் அவரே வந்து என்னைக் கேட்பார்.)

ஆரம்பம் மூன்று: மருதுபாண்டியின் மகள் ரேணுகாதேவி விமானம் ஓட்டுகிறாள்.

இது நிற்கிறது. இதிலேயே போகலாம்.

சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே பறக்கும் சின்ன விமானத்தில் அவள் துணை விமானி. அவள் அம்மா தங்கலட்சுமி இரண்டு தடவை அதில் போய்வந்துவிட்டாள், கொடுத்த மிட்டாயைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டும் வந்தாள். அப்பா மட்டும் ஏறவில்லை. லீவில் வந்திருந்த ரேணுகாதேவி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"ஏம்ப்பா, நான் ஓட்டுற பிளைட்ல வரவே மாட்டீகளா?"

"வாரேன் தாயி. ஆனா அது எப்படித் தரைக்கு வருதுன்னு எனக்குத் தெரியணும். நானே ஒருவாட்டி எறக்கிப் பாக்குறேன். எறக்கிட்டா ஏறுறேன்."

"எறக்க வரலேன்னா?"

"ஏறமாட்டேன்."

தங்கலட்சுமி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "பெத்த மகள நம்பலேன்னு நேராச் சொல்லிருங்களேன்."

மருதுபாண்டி எழுந்து கை கழுவப் போனார். ரேணுகாதேவியும் அதற்குமேல் சாப்பிடவில்லை. அந்தத் தட்டில் மிச்சமிருந்த சோறுதான் இந்தக் கதையின் கவலை. அவர் ஏறுவாரா என்பதே அவளுக்கு எல்லாம்.

3

அவள் படித்த காலத்தில் வீட்டிலேயே விமான விளையாட்டில் பழகிய கம்ப்யூட்டரும், கைப்பிடிக் குச்சியும், கால் பெடல்களும் விதைமூட்டை அறையில் தூசி அடைந்து கிடந்தன. துடைத்து மாட்டிக் கொடுத்தாள். நாற்காலி உயரம் போதாமல் மருதுபாண்டி ஓர் உளுந்து மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

(உளுந்தா, குதிரைவாலியா என்று அரைமணி நேரம் யோசித்தேன். உளுந்தே இருக்கட்டும்.)

முதல்நாள் மதுரை ஓடுபாதைக்கு வெளியே எத்தனை புன்செய்க் காடு உண்டோ அத்தனையிலும் விமானத்தைக் குத்தினார். டிராக்டரில் உழுகிறவர் பக்கத்து உழவுச்சால் கோட்டையே பார்த்துப் பழகியவர். இங்கும் மூக்குக்குக் கீழே உள்ள தரையையே பார்த்தார்.

"கீழ பாக்காதீகப்பா. ரன்வேயோட அந்தக் கடைசியப் பாருங்க. மூக்க லேசாத் தூக்கிக்கிட்டே வாங்க, தரை தானா வரும்."

"தானா வருமா?"

"வரும்ப்பா."

குத்தி அலுத்துப்போய்க் கேட்டார், "இதுல நம்ம பரளச்சி இருக்குமா தாயி?"

"ஒலகமே இருக்குப்பா."

அவள் ஏதோ தட்டினாள். விமானம் பரளச்சிக்கு மேலே எழும்பியது. மருதுபாண்டி வாயைத் திறந்தார், மூட மறந்துவிட்டார்.

கீழே தண்ணீர் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, வரைபடத்தில் கண்மாய் என்று கண்ட இடத்திலெல்லாம் நீலத்தை நிரப்பிவிட்டார்கள். கண்மாய்க்குள் சீமைக்கருவேல் வளரும், ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பரளச்சிக் கண்மாய் கரை தட்டி நின்றது. அதற்கப்பால் ஒன்று, அதற்கும் அப்பால் இரண்டு, திருச்சுழிப் பக்கம் நூறு, கிழக்கே கடல்வரை கண்மாயோ கண்மாய். ஒன்று நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி பிறை பிறையாக வெட்டிவைத்திருந்த வரிசையைத் தரையில் நிற்கிற எவனும் பார்த்ததில்லை. அவர் பார்த்தார்.

"ஏய், இங்க வா! இங்க வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இம்புட்டுக் கம்மாயா வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்காக!"

தங்கலட்சுமி வந்தாள். அவள் பிறந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கம். "எங்க ஊருக் கம்மாயக் காட்டச் சொல்லுங்க" என்றாள். காட்டினார்கள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். விதைமூட்டை வாசத்தில் மூன்று பேரும் திரையை ஒட்டி நின்றார்கள். இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

4

(இங்கே மருதுபாண்டிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ரேணுகாதேவி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவர் பொழுது சாயும்போதெல்லாம் மூட்டைமேல் உட்கார்ந்து பழகுகிறார். இருந்தும் விமானம் ஒழுங்காக இறங்கவே இல்லை. மனுசன் வேண்டுமென்றே இறக்காமல் இருக்கிறாரோ? எழுதுகிற எனக்கே தெரியாமல் ஒருவர் இப்படி இருக்கலாமா? அதனால் பின்னால் போய் நின்று பார்த்தேன்.)

காரணம் மழை.

அந்த விளையாட்டில் வானிலையை நாமே வைத்துக்கொள்ளலாம். ரேணுகாதேவி ஊருக்குப் போகும் முன் காட்டிக்கொடுத்த பொத்தான். அமுக்கினால் பரளச்சிமேல் கருமேகம் திரளும், ஒலிபெருக்கியில் மழை இரையும். முதல்முறை அமுக்கியபோது மாடியில் மிளகாய்வத்தல் காயப்போட்டிருந்த தங்கலட்சுமி அலறிக்கொண்டு படியேறினாள். மேலே வெயில் கொளுத்தியது. இறங்கிவந்து அவள் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது.

அதன்பிறகு அவர் மழையில்லாமல் பறக்கவில்லை. மழைமேகம் கண்டால் விமானத்தை அதற்குள்தான் திருப்புவார். அது உலுக்கும், சாயும், கடைசியில் எங்காவது விழும்.

"மேகத்தச் சுத்திப் போகணும்ப்பா" என்று ரேணுகாதேவி போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ள போகவே கூடாது. நாங்கல்லாம் வெலகித்தான் போவோம்."

"மழமேகத்துக்கு முதுகக் காட்டச் சொல்றியா? நம்ம வீட்டுல யாரும் காட்டுனதில்ல தாயி."

அது உண்மை. விதைத்தபின் வரும் முதல் மழைக்கு அந்த வீட்டில் யாரும் குடை விரிப்பதில்லை. ஒதுங்குவதும் இல்லை. காட்டில் நின்றால் காட்டிலேயே, பஸ் நிறுத்தத்தில் நின்றால் கூரையை விட்டு வெளியே வந்து, தலை நனைய நிற்பார்கள். மானாவாரிக்காரர்கள் மழைக்குக் கொடுக்கும் மரியாதை அது. அதை உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

5

ஐப்பசி பிறந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ஒரு மாலை விமானத்தில், தலைமை விமானி ஒத்துக்கொண்டால், இறக்குவது ரேணுகாதேவியாக இருக்கும். டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. வேண்டாம் என்ற பதிலுக்குத் தயாராகிவிட்ட குரல். அதைக் கேட்டபிறகு மருதுபாண்டியால் தாங்க முடியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டார். திரையில் மேகம் இடித்துக்கொண்டிருந்தது.

"மழய நிறுத்துற பொத்தான் அதுதான். நீ அமுக்கு."

"ஏன், ஒங்க கை என்னாச்சு?"

"நான் மாட்டேன். நீ அமுக்கு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தங்கலட்சுமி சிரித்துக்கொண்டே அமுக்கினாள். வானம் வெளுத்தது. அவர் திரும்பினார், ஓடுபாதையின் அந்தக் கடைசியைப் பார்த்தார், குச்சியை வயிற்றுப் பக்கம் மெல்ல இழுத்தார். விமானம் இரண்டு தடவை தவளைபோலத் துள்ளிவிட்டு நின்றது. தரை தானாக வந்திருந்தது.

"டிக்கெட்டப் போடச் சொல்லு" என்றார்.

6

போகும்போது பஸ். வரும்போது விமானம், ஜன்னல் ஓரம். புறப்படும் முன்பு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. இவ்வளவு திருத்தமாகத் தன் மகள் பேசி அவர் கேட்டதில்லை. யாரோ பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் அது தாயி என்று புரிந்தது.

மேகத்துக்கு மேலே போனதும் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கீழே நின்று கெஞ்சிய மேகத்தின் முதுகு அவருக்குக் கீழே, அறுவடை முடிந்த பருத்திக் களம்போல வெள்ளையாகக் கிடந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

மதுரைக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி அந்தக் குரல். கிழக்கே மழைமேகம் திரண்டிருப்பதால் சற்று நேரம் வட்டமிட்டுவிட்டு இறங்குவோம் என்றது. விமானம் தெற்கே சாய்ந்தது. அவர் எட்டிப் பார்த்தார். காரியாபட்டி. அதற்கப்பால் அவருடைய நாடு. நீலம் இல்லை. பிறை பிறையாகக் கருவேலம் பச்சைதான். ஆனால் வரிசை அதே வரிசை, இம்மி பிசகாமல் இருந்தது.

கிழக்கே திருச்சுழிக்கு நேராக மேகம் கால் ஊன்றி வந்துகொண்டிருந்தது. பரளச்சியில் அவருடைய சோளமும் உளுந்தும் முளைவிட்டு, தண்ணீர் இல்லாமல் தலைசாய்ந்து பல நாளாகிவிட்டது. இந்த மழை வந்தால் பிழைக்கும். வராவிட்டால் உழுது அழிக்க வேண்டியதுதான்.

அது இப்போது வந்தால், அவர் மகள் அதற்குள்தான் இறக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் இறக்காமலே திரும்ப வேண்டியிருக்கும்.

மருதுபாண்டியின் வாயில், பிறந்ததிலிருந்து வராத ஒரு சொல் வந்து நின்றது. 'வராதே' என்ற சொல். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

7

முடிவு ஒன்று: மேகம் சற்றுப் பொறுக்கிறது. அவள் பூப்போல இறக்குகிறாள். படியில் கால் வைக்கும்போது முதல் துளி விழுகிறது. ஊழியர் குடை நீட்டுகிறார், அவர் வேண்டாம் என்கிறார். பின்னால் வரும் ரேணுகாதேவியும் குடை வாங்கவில்லை. இருவரும் நனை

(நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிய எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. மானாவாரிக் காட்டில் மழை இவ்வளவு சொன்னபடி கேட்டு நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: மேகம் வந்துவிடுகிறது. விமானம் சென்னைக்கே திரும்புகிறது. அங்கே தங்கலட்சுமியின் போன்: "காடு ரொம்பிருச்சுங்க! நான் நனஞ்சுக்கிட்டே பேசுறேன்!" அவர் சிரிக்கிறார். எதிரே, இறக்க முடியாமல் போன மகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு

(இதையும் முடிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.)

இரண்டில் ஒன்றை நான் அமுக்க வேண்டும். நானும் இந்தக் கரிசலில் பிறந்தவன். என் வீட்டிலும் யாரும் மேகத்துக்கு முதுகு காட்டியதில்லை. கை போகவில்லை.

ஆகவே ஒன்று செய்திருக்கிறேன். மருதுபாண்டிக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு, உங்களை அதில் உட்கார வைத்திருக்கிறேன். வெளிச்சம் குறைந்துவிட்டது. விமானம் இன்னொரு வட்டத்துக்குச் சாய்கிறது. அவர் வலது கையை மூடி வயிற்றருகே வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னலிலிருந்து உங்கள் பக்கம் திருப்புகிறார்.

"நீங்களாவது சொல்லுங்க" என்கிறார். "என் வாயில வரல. மழய வரச் சொல்லவா, செத்த நேரம் இருக்கச் சொல்லவா?"

உங்கள் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார். மூடிய கை மட்டும் காத்திருக்காமல் மெல்ல, மிக மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறது.