டொல்பின் வரும் இடம்

காலை ஏழு மணிக்கு ஆலங்குடாக் கரையிலிருந்து டொல்பின் பார்க்கப் படகுகள் புறப்பட்டன. அர்கம் சைக்கிளைப் பிடித்தபடி மணலில் நின்றான். எஞ்சின் சத்தம் தேய்ந்து, வெறும் அலைச்சத்தம் மிஞ்சிய பிறகுதான் ஐஸ் தொழிற்சாலைக்கு மிதிப்பான். பத்து மாதமாக இதுதான் வழக்கம்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து ஹோட்டல்கள் வந்த காலத்தில், ஹிஸ்புல்லா ஹாஜியாரின் ஹோட்டலில் அவன் நான்கு வருடம் படகோட்டினான். ஒரு நாள் விருந்தாளிகள் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, மனேஜர் ஓடிவந்து ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து, பிஸ்மி சொல்லிக் கையெழுத்து வைத்தான். கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஹோட்டலுக்குப் போன இரண்டாவது வாரம்தான் அதில் இருந்தது என்னவென்று தெரிந்தது. ஹாஜியாரின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: இரண்டு வருடத்துக்கு இந்தக் கரையில் எந்த உல்லாசப் படகும் ஓட்டக்கூடாது. புது ஹோட்டல்காரர்கள் கைகழுவினார்கள்.

"ஐஸ் தூக்கித் தூக்கி நீங்களும் ஐஸாகிட்டீங்க," என்றாள் மனைவி நஸ்லா. "ஹாஜியார்ட்ட ஒருக்கா கதைங்களன்."

"கெஞ்சச் சொல்றியா?"

"கேக்கச் சொல்றேன்."

அன்று பின்னேரமே போனான்.

"டொல்பின் வாற இடம் கம்பெனிட ரகசியம், தம்பி," என்றார் ஹாஜியார். "என்ட படகுல, என்ட எண்ணெயில ஓடிப் படிச்சத அடுத்தவனுக்குக் குடுக்க விடேலா."

"தொண்ணூறுல எங்கட ஆக்கள வெரட்டினப்ப வாப்பா மன்னார்க் கடல விட்டுட்டு வந்தாரு, ஹாஜியார். சாகுமட்டும் அதத்தான் கதைச்சாரு. எனக்கு இந்தக் கடலயாச்சும் விடுங்க."

ஹாஜியார் மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா புதுப் படகோட்டி வெறுங்கடலக் காட்டிட்டு வாறான். வெள்ளக்காரனுகள் ஏசுறானுகள். இந்தப் படத்தில இடத்தக் குறிச்சித் தா. ஒன்ன விட்டுடுறேன்."

அர்கம் பேனையை எடுத்தான். ஒரு புள்ளி வைத்தால் நாளைக்கே கடல். பேனையை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"கம்பெனிட ரகசியம் கம்பெனிக்கே தெரியாதா, ஹாஜியார்? அது நட்டு வெச்ச தென்னையில்ல, ஒரே இடத்தில நிக்க. நீரோட்டம், பறவை, தண்ணிட நிறம் பாத்து ஒவ்வொரு நாளும் தேடோணும். புள்ளி வெச்சா அது பொய்."

பிறகு போனை எடுத்தான். "உங்கட விருந்தாளிகள்ட நம்பர் இதுல இரிக்கி. அது உங்கட சொத்து. வேலய விட்டுப் போன அண்டைக்கே அழிச்சிரிக்கோணும். என்ட பிழை." அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தான். "கண்ணால கண்டு படிச்சத எப்படி அழிக்கிற?"

ஹாஜியார் அவனுடைய ஒப்பந்தக் கோப்பைத் திறந்து, இரண்டு வருடம் என்றிருந்த பந்தியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஒப்பமிட்டார்.

"நானும் இத வாசிக்கல்ல, தம்பி. வக்கீல் எழுதித் தந்தாரு, ஒப்பம் வெச்சேன். வாசிக்காத கையெழுத்து ரெண்டு பேரயும் கரையில கட்டிப் போட்டிரிக்கி. நம்பர் என்ட, அத நீ தொடப்படாது. ஆனா தொழில் ஒன்ட. சம்பளம் குடுத்தவன் அதப் பூட்டி வைக்கேலா."